ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்டர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார், பைக் உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நிற்பவர்களிடம் வாடிக்கையாளர்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும், சில சமயம் முதலாளிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் கவுன்டருக்கு உள்ளே நிற்பவரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை.

இந்த வேலையில் உண்மையிலேயே மனம் நோகவைப்பது எது?

நாள் முழுக்க நிற்பதும் பாரம் தூக்குவதும் உடம்பு வலியோடு போய்விடும். வேறு யாரோ எடுத்த முடிவுக்கு நாம் பேச்சு வாங்குவதுதான் ஆறாது. வண்டியில் ஒரு சத்தம் வருகிறது. பட்டறையில் ஒருவர் காதால் கேட்டு, "வீல் பேரிங் போயிருக்கும்" என்கிறார். அதை வண்டிக்காரர் பாதி மறந்து, பாதி மாற்றி நம்மிடம் வந்து சொல்கிறார். கேட்ட பேரிங்கை, சரியான நம்பர் பார்த்து, பில் போட்டுக் கொடுக்கிறோம். மறுநாள் அதே ஆள் கோபத்தோடு வருகிறார்: "உங்க பேரிங் மாட்டியும் சத்தம் போகல." சத்தம் டயரிலிருந்து வந்திருக்கும். பட்டறைக்காரரும் அங்கே இல்லை, வண்டியும் அங்கே இல்லை. கண்ணெதிரே இருப்பது கவுன்டரில் நிற்பவர் மட்டும்தான்.

கடையில் நடக்கும் பெரும்பாலான சண்டைகளுக்கு அடிவேர் இதுதான். கீழே வரும் பல பதில்கள் இதையே சுற்றி வருவதைப் பார்ப்பீர்கள்.

ஒரு பிரேக் பேடு கேட்டால் எதற்கு இத்தனை கேள்வி கேட்கிறீர்கள்?

கேட்காமல் கொடுத்தால் பாதி நேரம் தப்பாகப் போகும் என்பதால்தான். "அந்த மாடல் காருக்கு பிரேக் பேடு குடுங்க" என்ற ஒரு வரியில் எங்களுக்கு வேண்டிய தகவல் கால்வாசிகூட இல்லை. முன் சக்கரமா, பின் சக்கரமா? பின்னால் டிஸ்க்கா, டிரம்மா? டிரம் என்றால் உங்களுக்கு வேண்டியது பேடே இல்லை, பிரேக் ஷூ. எந்த வருடம்? பெட்ரோலா, டீசலா? ஒரே மாடலில் உயர்ந்த வகைக்குப் பெரிய டிஸ்க்கும் சாதா வகைக்குச் சிறிய டிஸ்க்கும் வருவது உண்டு. வருடத்தின் நடுவில் கம்பெனி காலிப்பரை (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாற்றிவிடுவதும் உண்டு. அப்போது ஒரே வருடத்து வண்டிக்கு இரண்டு பார்ட் நம்பர் இருக்கும். இரண்டு பேடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றின் காது (ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை) மட்டும் சில மில்லிமீட்டர் அகலமாக இருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, காலிப்பருக்குத் தெரியும்.

இதில் இன்னொரு வாக்குவாதமும் வரும்: "இந்தப் பக்கம் மட்டும்தான் தேஞ்சிருக்கு, ஒரு சக்கரத்துக்கு மட்டும் குடுங்க." பேடு இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு கொண்ட செட்டாகத்தான் வரும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதைவிட முக்கியம், ஒரு பக்கம் மட்டும் வேகமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைச் சரி செய்யாமல் புதுப் பேடு போட்டால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும். இதைச் சொன்னால், "வியாபாரம் பண்ணப் பாக்குறீங்க" என்று முகம் மாறுகிறது. பிரேக் விஷயத்தில் எவ்வளவு திட்டு வாங்கினாலும் நாங்கள் இதைச் சொல்லியே தீருவோம்.

சேசிஸ் நம்பர் எதற்கு? வண்டி பெயர் சொன்னால் போதாதா?

இப்போதைய கார்களின் சேசிஸ் நம்பரில் 17 இடங்கள் இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஒன்று, பூஜ்யம் என்ற எண்களோடு குழம்பிவிடும் என்பதற்காகவே அவற்றை விலக்கி வைத்தார்கள். யாராவது போனில் "ஓ" என்று சொன்னால் அது பூஜ்யம்தான் என்று நாங்கள் புரிந்துகொள்வது அதனால்தான். இந்த நம்பரை கேட்லாகில் போட்டால், உங்கள் வண்டி எந்த எஞ்சினோடு, எந்த கியர்பாக்ஸோடு வெளியே வந்தது என்பது வரை தெரியும். வண்டிப் பெயர் ஒரு குடும்பத்தின் பெயர் மாதிரி. அந்த வீட்டில் யாருக்கு மருந்து வேண்டும் என்று அது சொல்லாது.

எழுதிக் கொண்டு வராதீர்கள், ஆர்சி புத்தகத்தையோ வண்டியில் பொறித்திருக்கும் இடத்தையோ போட்டோ எடுத்து வாருங்கள். கையால் எழுதும்போது எட்டு மூன்றாகிவிடுகிறது.

பழைய பார்ட்டையே கொண்டு வந்துவிட்டால்?

நல்லதுதான். ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி உதவாது. பேரிங் என்றால் மேலே நம்பர் இருக்கும், துடைத்துப் பார்த்தால் போதும். ஆயில் சீலில் மூன்று அளவுகள் அச்சிட்டிருக்கும்: உள்ளே வரும் தண்டின் விட்டம், வெளி விட்டம், கனம். பெல்ட்டிலும் அப்படியே. 6பிகே1195 என்றால் பெல்ட்டின் நீளவாக்கில் ஓடும் ஆறு மேட்டு வரி, 1195 மில்லிமீட்டர் நீளம்.

சிக்கல் எங்கே என்றால், உங்கள் வண்டியில் ஏற்கெனவே மாட்டியிருந்ததே தப்பான பொருளாக இருக்கலாம். முன்னால் வைத்திருந்தவர் கைக்குக் கிடைத்ததை மாட்டி ஓட்டியிருப்பார். அதே சாம்பிளைப் பார்த்து நாங்களும் கொடுத்தால் அந்தத் தப்பு இன்னும் சில வருடம் தொடரும். அதனால் சாம்பிள் கையில் இருந்தாலும் கேட்லாகைப் புரட்டுவோம். அதற்காகும் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்சார், கன்ட்ரோல் யூனிட் மாதிரியான பொருட்களில் உருவத்தை நம்பவே கூடாது. வெளிக்கூடும் அதேதான், பிளக்கும் அதேதான், உள்ளே வேறு.

இடது என்றால் எந்த இடது?

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வரும் இடது. வண்டிக்கு எதிரே நின்று பார்த்துச் சொன்னால் ஹெட்லைட் மாறிப் போகும். கண்ணாடி, ஃபெண்டர், டிரைவ் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. "டிரைவர் பக்கம்" என்றும் சொல்லாதீர்கள். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும், கேட்லாகில் இடது வலது என்றுதான் இருக்கும்.

வண்டியை ஸ்கேனரில் போட்டதில் ஃபால்ட் கோடு (கோளாறைக் காட்டும் குறியீடு) வந்துவிட்டது. அந்தக் கோடுக்கு உரிய பார்ட்டைக் கொடுக்க ஏன் தயங்குகிறீர்கள்?

ஏனென்றால் கோடு எந்தப் பார்ட் போயிற்று என்று சொல்வதில்லை. எந்த அளவீடு வரம்பு மீறியது என்றுதான் சொல்கிறது. பி0420 என்ற கோடை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிப் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரின் திறன் எதிர்பார்த்த அளவுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். இதைக் காட்டி ஆக்ஸிஜன் சென்சார் கேட்டு வருபவர்கள் நிறைய. சிலர் நேராகக் கன்வர்ட்டரே கேட்பார்கள், அது மிகவும் விலை கூடிய பொருள். உண்மையில் எக்ஸாஸ்ட் குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும் இந்தக் கோடு வரலாம். எஞ்சின் விட்டு விட்டு எரிந்து, எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்திருக்கலாம். அப்படியென்றால் புதுக் கன்வர்ட்டர் போட்டாலும் அதே கதிதான், முதலில் ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பார்க்க வேண்டும்.

பி0171 என்று வந்தால் ஆக்ஸிஜன் சென்சார் கேட்பார்கள். எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று அந்தச் சென்சார் ஒழுங்காகக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. செய்தி சொன்னவனையே மாற்றி என்ன பயன்? வெடித்த வேக்கம் ஹோஸையோ, அழுக்கேறிய ஏர் ஃப்ளோ மீட்டரையோ, ஃபியூயல் பம்ப்பையோ பார்க்க வேண்டும்.

இங்கேதான் கவுன்டரில் இருப்பவருக்குப் பெரிய தர்மசங்கடம். சொன்னால், "நீங்க மெக்கானிக்கா?" என்கிறார்கள். சொல்லாமல் கொடுத்தால், "தெரிஞ்சே வித்துட்டீங்களே" என்கிறார்கள். எலக்ட்ரிக்கல் பொருள் என்பதால் திரும்பவும் எடுக்க முடியாது. என் அனுபவத்தில், பில் போடும் முன் ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுவதே சரி. அதன் பிறகும் அவர் கேட்டால் அது அவருடைய முடிவு.

மாட்டிப் பார்த்த பொருளை ஏன் திரும்ப எடுப்பதில்லை? பெட்டி அப்படியே இருக்கிறதே?

பெட்டி அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது அப்படி இருக்காது. திரும்ப வந்த ஒரு பேரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கதை முழுவதும் தெரியும். உள் வளையத்தின் ஓரத்தில் சுத்தியல் பட்ட பளபளப்பு. சீலின் ரப்பர் ஓரம் லேசாகப் பிதுங்கியிருக்கும். விரலில் வைத்துச் சுற்றினால் வழுக்கிப் போக வேண்டியது, மணல் தட்டுவது போல நெருடும். பேரிங்கை அடித்து ஏற்றி, அடித்து இறக்கியிருக்கிறார்கள். அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழுந்திருக்கும். அதை அடுத்தவருக்கு விற்றால் அவர் வண்டியில் சத்தம் வரும். அவரும் இங்கேதான் வருவார்.

இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கட் ஒருமுறை இறுகிவிட்டால் முடிந்தது. சென்சாருக்குத் தப்பான இணைப்பில் ஒரு நொடி கரன்ட் போனாலும் உள்ளே என்ன ஆயிற்று என்று வெளியே தெரியாது. ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் பட்டால் கையிலிருக்கும் எண்ணெய்ப் பசை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும், எரியும்போது அங்கே மட்டும் சூடு ஏறி ஆயுள் குறையும்.

இன்னொன்றும் நடக்கிறது. புதுப் பெட்டிக்குள் பழைய பொருளை வைத்துத் திரும்பக் கொண்டு வருவது. புது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) பெட்டியைத் திறந்தால் உள்ளே கிரீஸ் படிந்த பழசு. இப்படிச் செய்பவர் சிலரே, ஆனால் அவர்களால்தான் நேர்மையாகத் திருப்பிக் கொண்டுவருபவர் முன்னாலும் நாங்கள் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் முகம் வாடுவதைப் பார்க்கும்போது எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தப்பால் வேறு பொருள் போயிருந்தால் அது தனி. அப்போது பேச்சே இல்லாமல் மாற்றிக் கொடுக்க வேண்டும். விதியைக் காட்டி அதிலும் மறுக்கும் கடைகள் உண்டு, அது அநியாயம்.

ஆன்லைனில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கலாம். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்களை அரை மணி நேரம் கேட்லாக் பார்க்க வைத்து, பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வெளியே போய் ஆன்லைனில் ஆர்டர் போடுவது வலிக்கிறது. சரியான நம்பரைக் கண்டுபிடித்ததுதான் எங்கள் உழைப்பு. அதற்குத் தனியாக நாங்கள் கூலி வாங்குவதில்லை, பொருளின் விலைக்குள்தான் அது இருக்கிறது.

விலை மிகவும் குறைவாக இருந்தால் போலியா என்று பாருங்கள். ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேரிங், பிரேக் பேடு எல்லாவற்றிலும் டூப்ளிகேட் உண்டு. பெட்டியில் எழுத்து மங்கலாக இருப்பது, ஹோலோகிராம் ஒட்டு கையோடு வருவது, பொருளின் எடை குறைவது இவையெல்லாம் கவனிக்க வேண்டியவை. ஃபில்டர் மட்டமாக இருந்தால் தூசி எஞ்சினுக்குள் போகும். பேடு மட்டமாக இருந்தால் போகப் போவது உயிர்.

கம்ப்யூட்டரில் ஸ்டாக் ஒன்று என்று காட்டுகிறது, ஆனால் இல்லை என்கிறீர்களே?

அலமாரியில் வேறு இடத்தில் வைத்திருக்கலாம், திரும்ப வந்த பொருள் கணக்கில் ஏறி இடத்துக்குப் போகாமல் இருக்கலாம், திருட்டும் போயிருக்கலாம். கணக்கில் ஒன்று என்று இருக்கும் பொருளை நம்பி யாரையும் தூரத்திலிருந்து வரச் சொல்லக் கூடாது. கையில் எடுத்துப் பார்த்த பிறகே "இருக்கிறது" என்று போனில் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரும் அதைக் கேட்கலாம்: "எடுத்துப் பாத்துச் சொல்லுங்க, லைன்ல இருக்கேன்."

மெக்கானிக்குகளோடு ஏன் எப்போதும் உரசல்?

எப்போதும் இல்லை. கடையைத் தாங்கி நிற்பதே அவர்கள்தான். நல்ல மெக்கானிக் ஒருவர் போன் செய்தால் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வண்டி, வருடம், எஞ்சின், பக்கம், அளவு எல்லாம் வரிசையாக வரும். உரசல் வருவது அவசரத்தில்தான். வண்டி லிஃப்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும், வண்டிக்காரர் பக்கத்தில் நிற்பார், அனுப்பிய பையனுக்கு என்ன கேட்பது என்று தெரியாது. பையன் இரண்டு முறை அலைந்தால் திட்டு அவனுக்கும் எங்களுக்கும். அந்தப் பையனிடம் எரிந்து விழாதீர்கள். பட்டறைக்கு நீங்களே போன் போட்டுப் பேசிவிடுங்கள். இன்றைக்குத் துண்டுச் சீட்டோடு நிற்பவன்தான் சில வருடத்தில் சொந்தப் பட்டறை வைத்து உங்களிடம் பொருள் வாங்கப் போகிறான்.

ஒன்று வாங்க வந்தால் இன்னொன்றையும் தலையில் கட்டுகிறீர்களே?

இதில் வாடிக்கையாளர் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. பில்லுக்கு இத்தனை பொருள், மாதத்துக்கு இத்தனை அடிட்டிவ் (பெட்ரோலிலோ ஆயிலிலோ கலக்கும் திரவம்) பாட்டில் என்று பல கடைகளில் டார்கெட் வைக்கிறார்கள். தேவையில்லை என்று தெரிந்தும் கேட்டே ஆக வேண்டும், கேட்காவிட்டால் மேனேஜர் திட்டுவார். இந்த வேலையில் மனச்சாட்சியை உறுத்தும் பகுதி இதுவே என்பேன். டார்கெட் போடுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: தேவையில்லாத பாட்டிலை ஒருமுறை வாங்கி ஏமாந்தவர், அடுத்த முறை நாம் உண்மையாகச் சொல்லும்போது நம்ப மாட்டார்.

உண்மையாகச் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. டைமிங் பெல்ட் வாங்கும்போது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்த பெல்ட்டே ஓட்டும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றச் சொல்வது டார்கெட்டுக்காக இல்லை. எல்லாவற்றுக்கும் அதே இடத்தைத்தான் பிரிக்க வேண்டும், தனித்தனியாக மாற்றினால் கூலி இரண்டு முறை ஆகும். பழைய டென்ஷனர் உடைந்து புது பெல்ட் கழன்றால், பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

பேட்டரி வாங்கினால் மாட்டித் தரக் கூடாதா?

பல கடைகளில் மாட்டித் தருவார்கள். ஆனால் அந்த நேரத்தில் கவுன்டரில் யார் நிற்பது என்பதை யாரும் யோசிப்பதில்லை. உள்ளே நான்கு பேர் காத்திருக்க, வெளியே வெயிலிலோ மழையிலோ துருப்பிடித்த கிளாம்ப்போடு போராட வேண்டும். 15 கிலோவுக்கு மேல் கனக்கும் பேட்டரிகள் உண்டு, குனிந்து தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், ஆசிட் பட்ட சட்டையில் ஓட்டை விழும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மாட்டும் முன் சார்ஜிங்கைப் பார்க்கச் சொன்னால் பொறுமை காட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 14 வோல்ட் வர வேண்டும். 12 வோல்ட்டிலேயே நின்றால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம். புது பேட்டரி வாங்கினாலும் சீக்கிரமே அதுவும் இறங்கிவிடும்.

பெண்கள் இந்தக் கவுன்டரில் வேலை செய்வது சிரமமா?

வேலை சிரமமில்லை. "வேற யாராவது இருக்காங்களாம்மா?" என்று தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர்கள்தான் சிரமம். நேற்றுச் சேர்ந்த பையன் சொன்னால் நம்புகிறார்கள், அவனுக்குக் கற்றுக்கொடுத்த பெண் சொன்னால் சந்தேகப்படுகிறார்கள். இதற்குக் கூட வேலை செய்பவர்கள் ஒன்று செய்ய முடியும். அப்படி யாராவது தாண்டி வந்து கேட்டால், "அவங்ககிட்டயே கேளுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்" என்று திருப்பி அனுப்புங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

கடை மூடும் நேரத்தில் வந்தால்?

ஒரு பல்போ ஃபியூஸோ என்றால் வாருங்கள், கொடுப்போம். கிளட்ச் செட் முழுவதையும் தேடச் சொன்னால் அவசரத்தில் தப்பு நடக்கும். காலையில் வாருங்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எதை முதலில் கற்க வேண்டும்?

நம்பர்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பேரிங்கில் 6204 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், உள் விட்டம் 20 மில்லிமீட்டர். 6205 என்றால் 25. இந்தக் கணக்கு 04 முதல் பொருந்தும். 6203 அதற்கு அடங்காது, அது 17.

ஸ்பார்க் பிளக்கில் வெப்ப அளவைக் குறிக்கும் எண், கம்பெனிக்குக் கம்பெனி எதிர்த்திசையில் போகும். என்ஜிகே-யில் எண் கூடினால் குளிர்ந்த பிளக் (சூட்டை வேகமாக வெளியேற்றுவது), பாஷ்-இல் எண் கூடினால் சூடான பிளக். எண்ணை மட்டும் பார்த்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்காதீர்கள், மாற்று அட்டவணையைப் பாருங்கள்.

பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 5-க்கும் 5.1-க்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். கூலன்ட்டில் நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு என்பதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் தரத்தைப் பாருங்கள்.

தெரியாவிட்டால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லக் கூசாதீர்கள். கத்துபவரிடம் குரலை உயர்த்தாமல், பில்லையும் பார்ட் நம்பரையும் எடுத்து மேஜையில் வையுங்கள். பேச்சு ஆளை விட்டுப் பொருளுக்குத் திரும்பும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் இதே வேலையில் இருக்கிறார்கள்?

பலருக்குச் சம்பளம், அவ்வளவுதான். அதுவும் கம்மி. இத்தனை அறிவு தேவைப்படும் வேலைக்கு, பொருளை எடுத்துக் கொடுக்கும் ஆளுக்கான கூலியே பல இடங்களில் கிடைக்கிறது. அனுபவசாலிகள் வேலையை விட்டுப் போய், கவுன்டரில் தினம் புது முகமாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனாலும் எங்கும் கிடைக்காத ஒரு பழைய வண்டிச் சாமானை மூன்று கேட்லாக் புரட்டி, வேறு மாடலில் வரும் அதே அளவுப் பொருள் பொருந்தும் என்று கண்டுபிடித்து, அது போய் கச்சிதமாக உட்கார்ந்தது என்று போன் வரும்போது கிடைக்கும் நிறைவு பெரிது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கடைக்கு வரும்போது என்னென்ன கொண்டு வர வேண்டும்?

சேசிஸ் நம்பரின் போட்டோ. கழற்றிய பழைய பொருள், முடிந்தால் துடைத்து. கழற்ற முடியாவிட்டால் அது வண்டியில் இருக்கும் நிலையில் இரண்டு கோணத்தில் போட்டோ. பொருளைக் கேட்டவர் மெக்கானிக் என்றால் அவருடைய போன் நம்பர்; அவர் போனை எடுக்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள். திருப்பிக் கொடுக்க வருவதானால் பில்லும் பெட்டியும், உள்ளே இருந்த சின்ன கிளிப், வாஷர் உட்பட எல்லாமும். வாங்கிய பொருளை மாட்டும் முன் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மாட்டாமல் அப்படியே கொண்டு வாருங்கள், மாற்றித் தருவோம்.